சித்திரையில் உள்ள தண்ணீர்தான் தோட்டம்

(ஊர்க் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேசச் சொன்ன பொருள், கிராமத்தில் நமக்கிருக்கும் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தில் தோட்டம் போடுவது. நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்கிராமங்களில் இப்படிப்பட்ட நிலம் இல்லாத குடும்பம் குறைவு. வாப்பா காலத்தில் நெல்லோ மிளகாயோ விளைந்த இடம். பிள்ளைகள் சபுறு போனார்கள், சென்னைக்குக் கடைக்குப் போனார்கள். இன்று அந்த நிலத்தில் சீமைக்கருவேலம் நிற்கிறது. ஊருக்கு வரும்போது வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

சிலர் மனம் பொறுக்காமல் இறங்கிவிடுகிறார்கள். விடுமுறையில் வந்து ஜேசிபி வைத்து முள்ளை வாரி, ஏக்கர் முழுக்க ஒரே மாதத்தில் கன்று வைத்துவிட்டுப் போகிறார்கள். கார்த்திகை மழையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது. போட்டோ போகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். பங்குனி பிறந்ததும் இலை சுருள்கிறது. சித்திரையில் பாதி போய்விடுகிறது. மறு வருடம் அதே இடத்தில் மறுபடி முள். கையிலிருந்த காசும் போய், "நம் மண்ணில் ஒன்றும் வராது" என்ற பேச்சும் நிலைத்துவிடுகிறது. அடுத்தபடியாக நிலத்தை விற்கும் பேச்சு வருகிறது.

மண்ணில் வராது என்பது சரியல்ல. தோட்டத்தின் அளவை நாம் தவறான இடத்திலிருந்து எடுக்கிறோம். பட்டாவில் எத்தனை சென்ட் என்று பார்த்து அளவு வைக்கிறோம். நம் சீமையில் தோட்டத்தின் அளவைச் சொல்வது சித்திரை மாதம் கிணற்றில் ஊறும் தண்ணீர். அதற்கடுத்தது, அந்தத் தண்ணீரை ஊற்றுவதற்கு ஊரில் இருக்கும் ஆள். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு தொடங்கினால் தோட்டம் நிலைக்கும். இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

கிணற்றைக் கணக்கெடுப்போம்

சித்திரையில் ஒரு நாள் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாயடியில் வைத்து மோட்டாரைப் போடுங்கள். எத்தனை நிமிடத்தில் நிறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மோட்டாரை ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் தண்ணீர் அற்றுக் காற்று வாங்குகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் அருகிலேயே நின்று, அற்றவுடன் நிறுத்திவிட வேண்டும். மூன்றாவதாக, பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். மூன்று எண்கள் போதும்.

ஒரு உதாரணம். டிரம் 4 நிமிடத்தில் நிறைகிறது என்றால் நிமிடத்துக்கு 50 லிட்டர். மோட்டார் 40 நிமிடம் ஓடுகிறது என்றால் 2,000 லிட்டர். மறுநாள் காலைக்குள்தான் கிணறு பழையபடி ஊறுகிறது என்றால், நமக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது அந்த 2,000 லிட்டர் மட்டுமே. வீட்டுப் புழக்கத்துக்கும் ஆடு கோழிக்கும் 500 ஒதுக்குவோம். கிணறு வருடத்துக்கு வருடம் ஒரே மாதிரி இருக்காது என்பதால் இன்னொரு 500ஐக் கைக்காவலாக வைப்போம். தோட்டத்துக்கு மீதம் 1,000 லிட்டர்.

இனி செலவுக் கணக்கு. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். கடும் வெயிலில் காய்கறிப் பாத்தி நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் இழுக்கும். அதாவது சென்ட்டுக்கு 200 லிட்டர். 1,000 லிட்டரில் ஐந்து சென்ட் காய்கறிதான் நிற்கும். காய்க்கிற தென்னை என்றால் மரத்துக்கு நாளொன்றுக்கு 50 லிட்டராவது வேண்டும். அதே 1,000 லிட்டரில் 20 மரம். ஏக்கர் முழுக்க 25 அடி இடைவெளியில் தென்னை வைத்தால் 70 மரம் வரும். அவை வளர்ந்தபின் தினம் 3,500 லிட்டர் கேட்கும். கன்றாக இருக்கும்போது அது தெரியாது. மரம் பெரிதாகும்போதுதான் கிணறு கைவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்து மனம் தளர வேண்டாம். வருடம் முழுவதும் ஒரே அளவில் தோட்டம் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஐப்பசியிலிருந்து மாசி வரை மழை ஈரம் இருக்கும், வெயில் தணிந்திருக்கும், கிணறும் நிறைந்திருக்கும். அப்போது பத்து சென்ட் காய்கறி தாராளமாக நிற்கும். பங்குனி பிறந்ததும் அதை இரண்டு சென்ட்டாகச் சுருக்கிவிட வேண்டும். இரண்டு சென்ட்டுக்கு 400 லிட்டர், மீதி 600 லிட்டரில் பெரிய மரம் பன்னிரண்டு. மழையில் விரிந்து கோடையில் சுருங்கும் தோட்டமே நம் ஊருக்கு ஏற்ற தோட்டம்.

உப்பையும் பாருங்கள்

நம் பகுதியில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அதிலும் கோடையில் உப்பு கூடும். கன்று வாங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரு கிலோ மண்ணையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சித்திரையில் எடுத்த தண்ணீராக இருக்கட்டும். அறிக்கையில் மின்கடத்துதிறன் என்று ஒரு எண் இருக்கும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான காய்கறிக்குச் சிக்கல் இல்லை. மூன்றைத் தாண்டினால் அந்தத் தண்ணீரை நம்பிக் காய்கறி போட வேண்டாம், மழையை மட்டும் நம்பிப் போடுங்கள்.

உப்பை ஓரளவு தாங்குபவை தென்னை, சப்போட்டா, நெல்லி, இலந்தை, கொய்யா. தாங்காதவை எலுமிச்சை, மா, பீன்ஸ், வெங்காயம். நர்சரியில் பூவும் பிஞ்சுமாக எலுமிச்சைக் கன்றைப் பார்த்ததும் ஆசை வரும். அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆசைப்படுவோம்.

மழைத் தண்ணீரை நிலத்திலேயே நிறுத்துவோம்

நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு ஏக்கரில் விழும் அந்த மழையைக் கணக்கிட்டால் 32 லட்சம் லிட்டர். பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், மூன்று மாதத்துக்குள் விழுந்துவிடுகிறது. நாம் வரப்பை உடையவிட்டு அதைக் கண்மாய்க்கும் ரோட்டுக்கும் அனுப்பிவிட்டு, சித்திரையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறோம்.

நாலு பக்கமும் வரப்பை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுவது முதல் வேலை. அடுத்தது, நிலத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு பண்ணைக்குட்டை. மேலே 30 அடிக்கு 30 அடி, ஆழம் 6 அடி, கரையைச் சரிவாக வெட்டினால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் சித்திரை வரை அப்படியே நிற்காது. வெயிலும் மண்ணும் குடித்துவிடும். ஆனால் தை, மாசி வரை பாத்திக்கு உதவும், மண்ணுக்குள் போனது கிணற்று ஊற்றுக்கு உதவும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குட்டை வெட்டினால் அன்றே வேலி போடுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கும் அப்படித்தான். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வரும் இடம் அது. ஒரு குழந்தையின் உயிருக்கு எந்த விளைச்சலும் ஈடாகாது.

வீட்டில் ஒளூ செய்யும் தண்ணீரும் அரிசி கழுவும் தண்ணீரும் சாக்கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு சிறு வாய்க்கால் வெட்டி முருங்கைக்கோ வாழைக்கோ விடுங்கள். சோப்புத் தண்ணீரைக் கல்வாழை வைத்த குழிக்குத் தனியாக விடுங்கள், கீரைப் பாத்திக்கு வேண்டாம். வீண் விரயம் கூடாது என்பது நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித்தரப்பட்ட பாடம்தானே.

முள், வேலி, மண்

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போகாது, வெட்டிய இடத்தில் நாலாகத் துளிர்க்கும். வேர்க்கட்டையோடு தோண்டி எடுக்க வேண்டும். அடுத்த மழையில் விதை முளைத்து வரும். கையால் பிடுங்கும் அளவில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். ஏக்கர் முழுவதையும் ஒரே நாளில் சுத்தம் செய்துவிட்டு இந்த வேலைக்கு ஆள் இல்லாமல் நின்றால், முன்பைவிட அடர்த்தியாக வந்து நிற்கும். எவ்வளவு பராமரிக்க முடியுமோ அவ்வளவு மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

வேலி இல்லாமல் ஒரு கன்றும் வைக்க வேண்டாம். ஆட்டை வளர்ப்பவரும் நம் அண்டைவீட்டார்தான். மேய்ந்துவிட்டது என்று மனக்கசப்பு வளர்வதைவிட வேலி போடுவது மலிவு. முதலில் பத்து சென்ட்டைச் சுற்றிக் கம்பி வேலி, மற்ற எல்லையில் மழைக்கு முன் கிளுவைப் போத்து நட்டுவந்தால் சில வருடங்களில் உயிர்வேலி ஆகிவிடும். வரப்பில் பனங்கொட்டை போட்டு வையுங்கள். அதன் பலன் பிள்ளைகள் காலத்தில் வரும், தண்ணீர் ஊற்ற வேண்டிய தேவையும் இல்லை.

கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிசல். மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். அங்கே ஒரு அடி உயர மேட்டுப்பாத்தி போடுங்கள். கடற்கரைப் பக்கம் மணல், ஊற்றுவது நிற்காது. அங்கே பாத்தியைத் தாழ்வாக வைத்து, தொழு உரமும் தேங்காய் நார்க் கழிவும் கூடுதலாகப் போடுங்கள். எந்த மண்ணானாலும் சென்ட்டுக்கு 100 கிலோ மட்கிய தொழு உரம் ஒரு நல்ல அளவு. மட்காத சாணத்தைப் போட்டால் கரையான் வரும்.

நட்டபின் பாத்தியை மூடுங்கள். வைக்கோல், கரும்புத் தோகை, வாழைச் சருகு, வேப்பந்தழை எது கிடைத்தாலும் சரி, மூன்று விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்ணீர் மிச்சமாகும், களை குறையும். சருகைக் கூட்டி எரிப்பவர்கள் அதை நிறுத்தினாலே பாதி உரம் கிடைத்ததுபோல.

முதல் வருடம் என்ன வைப்பது?

பத்து சென்ட்டில் வீட்டுக்குத் தேவையானதை வையுங்கள். புரட்டாசியில் கத்தரி, மிளகாய் நாற்று விட்டு ஒரு மாதம் கழித்து நடலாம். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு நேரடி விதைப்பு. வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிப்புக்கு வரும், வாரம் ஒரு சிறு பாத்தி வீதம் விதைத்தால் இடைவிடாமல் கிடைக்கும். நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வீட்டு மிளகாய்த்தூளுக்கு நாலு பாத்தியாவது அதையே போடலாமே.

முருங்கைக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 நல்ல ரகம். விதை போட்டு ஆறேழு மாதத்தில் காய்க்கும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் பக்கக் கிளை வரும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். வேலியோரம் அகத்தி வைத்தால் வீட்டுக்குக் கீரை, ஆட்டுக்குத் தழை.

பூச்சிக்கு உடனே மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிடுங்கள், வயலில் போடாதீர்கள். வெண்டை இலை நரம்பு மஞ்சளானால் அது நோய், வெள்ளை ஈ பரப்புகிறது. அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை இதைச் செய்துவந்தால் பெரும்பாலான பூச்சி கட்டுக்குள் இருக்கும்.

மரத்தை இரண்டாம் வருடம் வையுங்கள். முதல் கோடையைப் பார்த்துவிட்டால் எத்தனை மரம் தாங்கும் என்று தெரிந்துவிடும். குழியை ஆவணியிலேயே மூன்றடிக்கு மூன்றடி வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணோடு தொழு உரம் கலந்து நிரப்பி, மழை பிடித்ததும் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குக் கன்றின் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, அடியில் சிறு துளையிட்டுத் துணித்திரி செருகி, தண்ணீர் நிரப்பி மூடிவையுங்கள். மெதுவாகக் கசிந்து வேருக்கு மட்டும் போகும்.

மிச்சம் தொண்ணூறு சென்ட் சும்மா கிடக்கட்டுமா? வேண்டாம். முள்ளை எடுத்த பகுதியில் மழையோடு உளுந்து, தட்டைப்பயறு, குதிரைவாலி விதைத்து, மழை ஈரத்திலேயே அறுவடை பார்த்துவிட்டு, கோடையில் உழுது போட்டுவிடுங்கள். அடுத்த வருடம் தோட்டமாக்கப்போகும் பகுதியில் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூவெடுக்கும் சமயம் மடக்கி உழுதால் மண் தேறும்.

ஆள் யார், நிலம் யாருடையது?

இனி இரண்டாவது அளவு. தினம் ஒரு மணி நேரம், பஜ்ருக்குப் பிறகோ அஸருக்குப் பிறகோ, தோட்டத்தில் நிற்கப்போவது யார்? அந்தப் பெயர் இல்லாமல் தொடங்க வேண்டாம். பல வீட்டில் அந்த ஆள் உம்மாவாகத்தான் இருப்பார்கள். அப்படியானால் அவர்களைக் கேட்டுத் தொடங்குங்கள். துபாயிலிருந்து போனில் தோட்டத்தை நடத்திவிட்டு, முழங்கால் வலியோடு குடம் சுமப்பதை அவர்கள் தலையில் வைப்பது நியாயமில்லை. அவர்களால் இரண்டு சென்ட்தான் முடியும் என்றால் தோட்டம் இரண்டு சென்ட்தான். கூலிக்கு ஆள் வைத்தால் மாதம் பிறந்ததும் கூலி போய்ச் சேரட்டும்.

சொட்டுநீர் போட்டால் குடம் தூக்கும் வேலை பெரும்பகுதி குறையும், தண்ணீரும் மிச்சம். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் இந்த வருட விதியை விசாரித்துக்கொள்ளுங்கள். சிட்டா, அடங்கல், வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயிச் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள்.

அங்கேதான் பலருக்கு முட்டுகிறது. பட்டா இன்னும் மறைந்த அப்பா பெயரில், சிலருக்குத் தாத்தா பெயரில் இருக்கிறது. பங்கு பிரிக்கவில்லை. யார் மரம் வைப்பது, பலன் யாருக்கு என்று தெரியாமல் எல்லோரும் ஒதுங்கி நிற்க, நிலம் முள்ளுக்குப் போகிறது. ஒருவர் தைரியமாக வைத்தால் மரம் காய்க்கும்போது மனத்தாங்கல் வருகிறது. மரம் வைப்பதற்கு முன் உட்கார்ந்து பேசி, நம் முறைப்படி பாகத்தைப் பிரித்துவிடுங்கள். சகோதரிகளின் பங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கட்டிக்கொடுத்துவிட்டோம், நகை போட்டுவிட்டோம் என்று அவர்கள் பங்கை மறந்துவிட்டு வைக்கும் தோட்டத்தில் நமக்கு என்ன பரக்கத் இருக்கும்? உடனே பிரிக்க முடியாத சூழ்நிலையென்றால், யார் பராமரிப்பது, பலனை எப்படிப் பகிர்வது என்று எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு தாளிலாவது எழுதிக்கொள்ளுங்கள்.

வரும் மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாள் கொண்டுவாருங்கள். டிரம் நிறைந்த நேரம், மோட்டார் ஓடிய நேரம், கிணறு ஊறிய நேரம், இந்த மூன்றும் அதில் இருக்கட்டும். கீழே தோட்டத்தில் நிற்கப்போகும் ஆளின் பெயரை எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தத் தாளை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் எத்தனை சென்ட் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம். சிலருக்குப் பத்து வரும், சிலருக்கு இரண்டு வரும். இரண்டு வந்தவர்கள் வருத்தப்பட வேண்டாம். சித்திரையில் உயிரோடு நிற்கும் இரண்டு சென்ட், கார்த்திகை போட்டோவில் மட்டும் பச்சையாக இருந்த ஒரு ஏக்கரைவிடப் பெரியது.

நம் நிலங்களிலும் நம் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.